ஆக்சலாட்டல் வளர்ப்பு: தோழனுக்கு ஒரு விடை

விலங்கியல் பயிலும் மாணவர்களுக்கு ஆக்சலாட்டல் என்னும் பெயர் புதிதன்று. இருவாழ்விகள் பற்றிய பாடத்தில் ‘நியோட்டெனி’ என்ற தலைப்பின் கீழ் அரைப் பக்கம் வரும். தேர்வில் ஐந்து மதிப்பெண் வினாவாகவும் வரும். ‘இளம்பருவத் தோற்றத்திலேயே இனப்பெருக்கம் செய்யும் சாலமாண்டர்; மெக்சிகோ நாட்டு ஏரிகளில் வாழ்வது’ என்று எழுதி, தலைக்கு இருபுறமும் மூன்று மூன்று செவுள் இறகுகளோடு ஒரு படமும் வரைந்துவிட்டால் மதிப்பெண் கிடைத்துவிடும். நானும் அப்படித்தான் எழுதினேன். எங்கள் துறையின் கண்ணாடி அலமாரியில் ஃபார்மலின் புட்டிக்குள் நிறம் வெளுத்துக் கிடக்கும் ஒன்றைத் தவிர, உயிருள்ள ஆக்சலாட்டலைப் பற்றி நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

என்னை எண்ணிப் பார்க்க வைத்தவன் வணிகவியல் படிக்கும் என் விடுதித் தோழன். ஒருநாள் இரவு தன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். வெள்ளை உடல், ரோஜா நிறச் செவுள்கள், எப்போதும் சிரிப்பது போன்ற வாய். விலையும் போட்டிருந்தது.

“ஒரு ஜோடி வாங்கிக் குஞ்சு பொரிக்க வைத்தால் பருவக் கட்டணத்தையே கட்டிவிடலாம் போலிருக்கிறதே! நீதான் இதையெல்லாம் படிக்கிறவனாயிற்றே. முடியுமா, முடியாதா? ஒரே வார்த்தையில் சொல்” என்றான்.

ஒரே வார்த்தையில் சொல்ல என்னால் இயலவில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டிய விடையைத்தான் இங்கே கட்டுரையாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு பிழையை ஒப்புக்கொள்கிறேன்

அவன் கேட்டவுடன் என் நினைவுக்கு வந்தது ஆக்சலாட்டல் அன்று. ஒரு பிளாஸ்டிக் வாளி. இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், குளக்கரையில் தேரையின் முட்டைச் சரம் ஒன்றைக் கண்டேன். கறுப்பு மணிகளைக் கண்ணாடி நூலில் கோத்தது போல் இரட்டைச் சரமாகப் புற்களைச் சுற்றிக் கிடந்தது. அதில் ஒரு பகுதியைக் குளத்து நீரோடு வாளியில் எடுத்து வந்தேன். இரண்டொரு நாளில் தலைப்பிரட்டைகள் வெளிவந்தன. வேகவைத்த கீரையைக் கிள்ளிப் போட்டேன். ஒரு வாரத்தில் நீர் கலங்கி நாற்றமெடுத்தது. நல்லது செய்வதாக எண்ணிக்கொண்டு பழைய நீர் முழுவதையும் கொட்டிவிட்டுக் குழாய் நீரைப் பிடித்து நிரப்பினேன். தெளிந்த நீரில் அவை நீந்துவதைக் கண்டு மகிழ்ச்சியோடு வகுப்புக்குப் போனேன். மாலையில் திரும்பி வந்தபோது ஏறக்குறைய எல்லாமே வயிறு மேலாக மிதந்தன.

காரணம் பிறகுதான் விளங்கியது. நாம் குடிக்கும் நீரில் நோய்க்கிருமிகளைக் கொல்லக் குளோரின் சேர்க்கிறார்கள். நமக்கு அது தீங்கு செய்வதில்லை. ஆனால் செவுளாலும் தோலாலும் சுவாசிக்கும் சிற்றுயிருக்கு அந்நீர் நெருப்பு. அதனுடைய செவுள் நமது நுரையீரலைப் போல உடலுக்குள் காக்கப்பட்டிருப்பதன்று. நேரே நீரில் நனைந்து நிற்பது. ஒரு நாள் முழுதும் வாயகன்ற பாத்திரத்தில் நீரைத் திறந்து வைத்திருந்தால் குளோரின் பெரும்பாலும் வெளியேறியிருக்கும். இல்லையேல் சோடியம் தயோசல்பேட் சிறிதளவு இட்டு முறித்திருக்கலாம். குளோரினுக்குப் பதிலாகக் குளோரமின் கலந்த நீராயிருந்தால் திறந்து வைப்பது மட்டும் போதாது, மருந்திட்டே தீரவேண்டும். இவ்வளவையும் நான் படித்தது வாளியைக் கழுவிக் கவிழ்த்த பிறகு.

ஆகவே, நீர்வாழ் குஞ்சுகளை வளர்க்கலாமா என்று எவர் கேட்டாலும் என் காதில் முதலில் விழும் கேள்வி, ‘நீரைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?’ என்பதுதான்.

இது எவ்வகை விலங்கு?

இருவாழ்விகள் மூன்று வகைப்படும். தவளை, தேரை போன்ற வாலற்றவை ஒன்று. மண்ணுக்குள் புழுப்போல் வாழும் காலற்றவை மற்றொன்று. சாலமாண்டர், நியூட் முதலிய வாலுள்ளவை மூன்றாவது. முதல் இரண்டு வகையும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் நிறைய உண்டு. மூன்றாம் வகை தமிழ்நாட்டில் இல்லை. இந்தியாவில் அவற்றைக் காண வேண்டுமானால் டார்ஜிலிங் முதலான கிழக்கு இமயப் பகுதிகளுக்குத்தான் செல்ல வேண்டும். அங்குள்ள நியூட்டுக்காகவே டார்ஜிலிங் மாவட்டத்தின் ஜோர்போக்ரியில் 1985-ஆம் ஆண்டு ஒரு சிறு சரணாலயம் அமைக்கப்பட்டது.

ஆக்சலாட்டலைப் பலரும் நியூட் என்றே அழைப்பதுண்டு. சரியாகச் சொன்னால் அது நியூட்டின் ஒன்றுவிட்ட உறவினர். அம்பிஸ்டோமா என்னும் பேரினத்தைச் சேர்ந்த சாலமாண்டர். மெக்சிகோ பள்ளத்தாக்கின் சோச்சிமில்கோ, சால்கோ ஏரிகளே அதன் தாயகம். பெயர் அஸ்டெக் மக்களின் நவாட்டில் மொழியைச் சேர்ந்தது. ‘அட்’ என்றால் நீர். ‘சோலோட்டல்’ என்பது அவர்களுடைய தெய்வங்களுள் ஒன்றின் பெயர். பலியாவதற்கு அஞ்சி வேறு வேறு உருவெடுத்து ஓடிய அத்தெய்வம், இறுதியில் நீருக்குள் ஆக்சலாட்டலாக ஒளிந்து அங்கேயே பிடிபட்டது என்பது பழங்கதை. உருமாறுவதில் வல்ல தெய்வத்தின் பெயரை, உருமாறாத விலங்குக்கு வைத்திருப்பது வியப்புக்குரிய பொருத்தம்.

மற்ற சாலமாண்டர்கள் பல இளமையில் செவுளோடு நீரில் வாழ்ந்து, பின்னர் செவுளை இழந்து தரைக்கு ஏறும். ஆக்சலாட்டலோ செவுளும் வால்துடுப்பும் மாறாமலே சுமார் ஓராண்டில் இனப்பெருக்கத்துக்குத் தகுதி பெற்றுவிடுகிறது. தோற்றத்தில் குழந்தை, தொழிலில் தாய் தந்தை.

பாரிசில் நடந்த வியப்பு

மனிதன் வளர்ப்பில் ஆக்சலாட்டல் பெருகிய வரலாறு 1864-இல் தொடங்குகிறது. பிரெஞ்சுப் படை மெக்சிகோவில் இருந்த காலம் அது. அங்கிருந்து 34 ஆக்சலாட்டல்கள் உயிரோடு பாரிசுக்கு அனுப்பப்பட்டன. அவற்றுள் ஐந்து ஆணும் ஒரு பெண்ணுமாக ஆறு, இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஒகுஸ்த் துமெரில் என்னும் அறிஞரிடம் வந்து சேர்ந்தன. இது ஏதோ ஒரு சாலமாண்டரின் இளம்பருவமாக இருக்கலாம் என்று க்யூவியே என்ற பேரறிஞர் முன்பே ஐயுற்றிருந்தார்.

1865-இன் தொடக்கத்தில் அந்த ஒரு பெண் முட்டையிட்டது. ‘இளம்பருவம்’ என்று கருதப்பட்டது முட்டையிடுவதைக் கண்ட துமெரில், இதுவே இதன் முதிர்ந்த வடிவம் என முடிவு கட்டியிருக்கலாம். ஆனால் குஞ்சுகள் பெற்றோர் அளவுக்கு வளர்ந்த பின்னர் அவற்றுள் சில செவுள்களை இழக்கத் தொடங்கின. வால்துடுப்பு சுருங்கிற்று, தோலில் மஞ்சட் புள்ளிகள் தோன்றின. தரைவாழ் சாலமாண்டர்களாக அவை மாறி நின்றன. அவற்றின் பெற்றோரோ பக்கத்துத் தொட்டியில் மாறாமலே இருந்தன. குழந்தைகள் பெற்றோரைவிட முதிர்ந்த உருவம் அடைந்துவிட்ட விந்தை அது!

மாறும் ஆற்றலை இவ்விலங்கு இழந்துவிடவில்லை என்பது அன்று தெளிவாயிற்று. பின்னர் ஜெர்மனியில் மரீ ஃபான் ஷோவின் என்னும் அம்மையார், நீரின் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்து, மிகுந்த பொறுமையோடு இளம் ஆக்சலாட்டல்களைத் தரைக்குப் பழக்கிக் காட்டினார். 1876-இல் அவருடைய ஆய்வு வெளியாயிற்று. 1912-இல் குடெர்நாட்ச் என்பவர் தலைப்பிரட்டைகளுக்குக் குதிரையின் தைராய்டுச் சுரப்பியை உணவாகக் கொடுக்க, அவை காலத்துக்கு முன்பே உருமாறின. இதைப் பின்பற்றி ஆக்சலாட்டலுக்கும் தைராய்டு ஊட்டினார்கள், அதுவும் மாறிற்று. 1920-இல் ஜூலியன் ஹக்ஸ்லி செய்து காட்டிய இத்தகைய சோதனை செய்தித்தாள்களிலும் பேசப்பட்டது.

விளக்கம் இதுதான். உருமாற்றத்துக்குத் தைராய்டு ஹார்மோன் வேண்டும். தைராய்டை வேலை செய்யத் தூண்டுவது பிட்யூட்டரி. ஆக்சலாட்டலில் அந்தத் தூண்டுதல் போதிய அளவில் எழுவதில்லை. சுரப்பியும் உண்டு, ஹார்மோனுக்கு இசையும் திசுக்களும் உண்டு; மணியடிப்பவர்தாம் உறங்குகிறார். ஆனால் இதைப் படித்துவிட்டு எவரும் வீட்டுத் தொட்டியில் அயோடினையோ தைராய்டு மாத்திரையையோ போட்டுப் பார்க்கக் கூடாது. அப்படி மாற்றப்பட்டவை பல இறந்துபோகும். பிழைத்தவையும் நெடுநாள் வாழ்வதில்லை.

முட்டையிலிருந்து குஞ்சு வரை

இனித் தோழன் கேட்ட வளர்ப்பு முறைக்கு வருகிறேன்.

முதல் தேவை குளிர்ந்த நீர். 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் வெப்பமே இதற்கு உகந்தது. 24-க்கு மேல் போனால் உண்ண மறுக்கும், நோய் தொற்றும். நம் ஊரில் மார்கழி அதிகாலையில்கூடத் தொட்டி நீர் 18 டிகிரிக்கு இறங்குவது அரிது. சித்திரை, வைகாசியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நீரைக் குளிரவைக்கும் இயந்திரமும், அது இரவு பகல் ஓட மின்சாரமும் இல்லாமல் இதை இங்கே வளர்ப்பது, மீனைத் தரையில் வளர்ப்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, பழகிய நீர். விலங்கின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகிறது. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்றும். முதலிரண்டும் நஞ்சு, மூன்றாவது அத்துணைக் கொடியதன்று. இந்தப் பாக்டீரியாக்கள் புதுத் தொட்டியில் பெருகி நிலைபெறப் பல வாரங்கள் ஆகும். விலங்கை வாங்கிய அன்றே தொட்டியையும் வாங்குகிறவர், வெறுங்கண்ணாடிப் பெட்டியில் அதை நஞ்சூட்டுகிறார் என்றே சொல்ல வேண்டும். அடியில் கூழாங்கல் பரப்புவதும் தவறு. இது இரையை வாயைத் திறந்து உறிஞ்சிப் பிடிப்பதால், சிறு கற்களையும் விழுங்கிக் குடல் அடைபட்டு இறக்கும்.

ஆணின் கழிவுப் புழை புடைத்திருக்கும். பெண்ணின் உடல் அகன்றிருக்கும். பெண் நன்கு வளர்ச்சியடைய ஒன்றரை ஆண்டு காத்திருப்பது நல்லது. இனச்சேர்க்கையில் தழுவுதல் இல்லை. ஆண் தொட்டியின் அடியில் ஆங்காங்கே விந்துப் பொதிகளை ஒட்டி வைக்கும். கூம்பு வடிவப் பாகின் நுனியில் வெள்ளைத் தொப்பி வைத்தாற்போல் அவை இருக்கும். பெண் அதன் பின்னே சென்று, அவற்றைத் தன் கழிவுப் புழையால் எடுத்துக்கொள்ளும். கருவுறுதல் உடலுக்குள்ளேயே நிகழும். ஓரிரு நாளில் நீர்ச்செடிகளின் மேல் ஒவ்வொன்றாக முட்டையிடத் தொடங்கும். ஒரு முறைக்கு நூறு முதல் ஆயிரம் வரை! உடனே முட்டைகளை வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். இல்லாவிடில் பெற்றோரே தின்றுவிடும்.

வெப்பத்தைப் பொறுத்து இரண்டு அல்லது மூன்று வாரங்களில் குஞ்சுகள் வெளிவரும். அப்போது நீளம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். கால்கள் இரா. முதலிரண்டு நாள் வயிற்றிலுள்ள மஞ்சட்கருவே உணவு. அதன்பின் தொடங்குகிறது வளர்ப்பவரின் தவம்.

தலைப்பிரட்டைக்குக் கீரையைப் போட்டால் சுரண்டித் தின்னும். சாலமாண்டர் குஞ்சு பிறவியிலேயே ஊனுண்ணி. அதுவும் அசைகின்ற இரையைத்தான் கவ்வும். கண்முன் கிடக்கும் அசையாப் பொருள் அதற்கு உணவாகத் தோன்றுவதே இல்லை. ஆகவே அன்றன்று பொரித்த ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர் இறால் குஞ்சுகளையோ, நீர்த்தெள்ளுகளையோ நாள்தோறும் உயிரோடு தர வேண்டும். ஆக்சலாட்டல் வளர்ப்பவர் முதலில் ஆர்ட்டீமியா வளர்ப்பவராக வேண்டும். உப்புநீரில் பொரித்த அவ்விறால்கள் நன்னீரில் சில மணி நேரத்தில் இறந்து அழுகும். எனவே உணவு தந்தபின் மிச்சத்தை உறிஞ்சியெடுத்து, நீரையும் மாற்ற வேண்டும். ஒரு நாள் ஊருக்குப் போய்விட்டால் தொட்டி நாறிவிடும்.

இங்கே ஓர் அழகான வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். தலைப்பிரட்டைக்குப் பின்னங்கால்கள் முதலில் வெளித்தெரியும், முன்னங்கால்கள் பிறகு. சாலமாண்டர் குஞ்சுக்கோ முன்னங்கால்கள் முதலில், பின்னங்கால்கள் பின்னர். இரு படங்களையும் அருகருகே வரைந்து வைத்துக்கொண்டால் எந்தத் தேர்விலும் மறவாது.

முன்னங்கால் முளைத்த குஞ்சுகளுக்குப் பசியும் முளைக்கும். எது அசைந்தாலும் கவ்வும். அருகில் அசைவது பெரும்பாலும் உடன்பிறந்ததின் காலும் செவுளுமே! வளர்ச்சியில் முந்தியவை பிந்தியவற்றை விழுங்கியும் விடும். எனவே வாரந்தோறும் அளவு பார்த்துப் பிரித்து வைக்க வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் வளர்ந்தபின் இரத்தப்புழு, மண்புழுத் துண்டு எனப் பெரிய உணவுக்குப் பழக்கலாம். இழந்த கால் சில வாரங்களில் மீண்டும் எலும்பும் தசையும் விரலுமாக முழுமையாக முளைக்கும். காலை மட்டுமன்று, வாலையும் தண்டுவடத்தின் பகுதியையும் இதயத்தின் பகுதியையும்கூட இவ்விலங்கு புதுப்பித்துக்கொள்கிறது. இதனாலேயே உலகின் ஆய்வுக்கூடங்கள் பலவற்றில் இது வளர்க்கப்படுகிறது. 2018-இல் இதன் மரபணுத்தொகுதி முழுவதும் படிக்கப்பட்டது. அதில் 3,200 கோடி எழுத்துகள். மனிதனுடையதைப்போல் பத்து மடங்கு!

உண்மையான நியூட் குஞ்சுகளை வளர்ப்பது இதனினும் கடினம். தாய் நியூட் ஒவ்வொரு முட்டையையும் நீர்ச்செடியின் இலையில் வைத்துப் பின்னங்கால்களால் மடித்து மூடும். குஞ்சு சில மாதங்களில் செவுளை இழந்து தரைக்கு ஏறும். அந்நேரம் ஏறிக்கொள்ள ஒரு கல்லோ மரப்பட்டையோ இல்லாவிட்டால், நீரில் பிறந்து வளர்ந்த அதே உயிர் நீரில் மூழ்கி இறக்கும். தரையில் அதற்கு அசுவினி, சிறு ஈ போன்ற நுண்ணிய உயிருணவை மாதக்கணக்கில் தேடித் தர வேண்டும்.

ஐரோப்பாவின் கொண்டை நியூட்டில் மற்றுமொரு செய்தி உண்டு. அதன் முட்டைகளில் சரிபாதி, எவ்வளவு நன்றாகப் பேணினாலும், கருவிலேயே அழிந்துவிடும். அதன் முதல் குரோமோசோம் இருவகைப்பட்டது. இரண்டும் வேறு வேறாகச் சேர்ந்தால்தான் உயிர் தரிக்கும். ஒரே வகை இரண்டு சேர்ந்த கருக்கள் பிழைப்பதில்லை. இதை அறியாத வளர்ப்பாளர் தம் கையே குற்றம் என்று வருந்துவார். இதைப் படித்தபோது என் வாளி நினைவுக்கு வந்தது. இயற்கை விதித்த சாவு வேறு; நம் அறியாமை விளைத்த சாவு வேறு. என்னுடையது இரண்டாம் வகை. இவ்விரண்டையும் பிரித்தறியப் படிப்பு வேண்டும்.

தொட்டியில் பெருக்கம், ஏரியில் வறுமை

“இவ்வளவு எளிதில் ஆயிரம் முட்டையிடும் விலங்கு அழியுமா?” என்று தோழன் கேட்டான். அழிகிறது என்பதே உண்மை.

சோச்சிமில்கோவில் 1998-இல் எடுத்த கணக்கில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6,000 ஆக்சலாட்டல்கள் இருந்தன. 2003-இல் அது 1,000 ஆயிற்று, 2008-இல் 100, 2014-இல் 36. மெக்சிகோ மாநகரம் பெருகிப் பழைய ஏரிகள் வற்றிக் கால்வாய்களாகச் சுருங்கின. கழிவுநீர் கலந்தது. மக்களுக்கு உணவாகட்டும் என்று விடப்பட்ட கெண்டை இனமும் திலாப்பியாவும் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றன. சால்கோ ஏரி வடிக்கப்பட்டு மறைந்தே போயிற்று. 2021-இல் மெக்சிகோ அரசு வெளியிட்ட 50 பெசோ தாளில் ஆக்சலாட்டலின் படம் அச்சாயிற்று. நோட்டில் இடம் கிடைத்த உயிருக்கு நீரில் இடம் இல்லை.

தொட்டிகளில் உள்ளவற்றை ஏரியில் விட்டால் குறை தீராதா? அங்கேதான் சிக்கல். உலகெங்கும் ஆய்வுக்கூடங்களிலும் வீடுகளிலும் உள்ளவற்றில் பெரும்பாலானவை பாரிசுக்கு வந்த அந்தச் சிறு கூட்டத்தின் வழித்தோன்றல்கள். நெருங்கிய உறவுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக இணைந்தவை. போதாக்குறைக்கு 1962-இல் அமெரிக்காவில், நிறமற்ற வகையைப் பெறுவதற்காக, புலிச் சாலமாண்டர் என்னும் வேறோர் இனத்தோடு கலக்கப்பட்டன. கடைகளில் விற்கும் பொன்னிற ஆக்சலாட்டலின் நிறம் அந்தக் கலப்பின் கொடை. நம் தோழன் கண்டு மயங்கிய வெள்ளை நிறமோ தொட்டியில் பேணப்பட்டது. ஏரியிலுள்ள இயற்கையான ஆக்சலாட்டல் சேற்றின் நிறமான கரும்பழுப்பு. வெள்ளையாய் இருப்பது ஏரியில் கொக்கை விருந்துக்கு அழைப்பதாகும்.

நோய் அச்சமும் உண்டு. 2013-இல் ஐரோப்பாவில் ஒரு புதிய பூசணம் கண்டறியப்பட்டது. சாலமாண்டரின் தோலையே அரித்துக் கொல்வதால் ‘சாலமாண்டரைத் தின்பது’ என்ற பொருளில் அதற்கு அறிவியற் பெயர் இட்டார்கள். ஆசிய நியூட்டுகள் அதைத் தாங்கி வாழப் பழகியவை. வளர்ப்பு விலங்கு வணிகத்தோடு அது ஐரோப்பாவுக்குச் சென்றது. நெதர்லாந்தில் தீச்சாலமாண்டர் கூட்டம் ஏறக்குறைய முழுவதும் அழிந்தது. இதைக் கண்டு அஞ்சிய அமெரிக்க அரசு 2016-இல் 201 இனச் சாலமாண்டர்களின் இறக்குமதியைத் தடுத்தது. ஒருவர் தொட்டி நீரைச் சாக்கடையில் கொட்டுவது சிறு செயல்தான். ஆனால் அந்நீர் எங்கே போய்ச் சேரும் என்பதை அவர் அறியார்.

இருந்தும் வளர்ப்புக் கலை பயனற்றதென்று சொல்ல மாட்டேன். மெக்சிகோ அறிஞர்கள் சோச்சிமில்கோவின் பழைய தோட்டங்களான சினாம்பாக்களின் ஓடைகளில், அந்நிய மீன்கள் புகாதவாறு தடுப்பிட்டு, நீரைத் தூய்மையாக்கி, ஆக்சலாட்டலுக்குப் புகலிடம் அமைத்துவருகிறார்கள். அங்கே உழவரும் பங்கு கொள்கிறார்கள். வளர்ப்பில் பிறந்த 18 ஆக்சலாட்டல்களுக்குச் சிறு வானொலிக் கருவிகளைப் பொருத்தி இயற்கை நீரில் விட்டுப் பார்த்த ஆய்வு 2025-இல் வெளியாயிற்று. அவை இரை தேடிப் பிழைத்தன. மீண்டும் பிடித்து நிறுத்தவை எடையும் கூடியிருந்தன. இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்று: குஞ்சு பொரிக்கச் செய்வது பாதி வேலை, அது திரும்பிப் போகும் நீரைக் காப்பது மறுபாதி. முதற் பாதியை எவரும் செய்வர், ஏனெனில் அதில் வருவாய் உண்டு.

தோழனுக்கு என் விடை

இப்போது கணக்கைப் பார்ப்போம். வணிகவியல் மாணவனுக்குக் கணக்குத்தானே பிடிக்கும்! குளிர் இயந்திரம், ஓயாத மின்சாரம், முட்டைக்கும் குஞ்சுக்கும் தனித் தொட்டிகள், நாள்தோறும் பொரிக்கும் ஆர்ட்டீமியா, வாரந்தோறும் அளவு பிரிக்கும் உழைப்பு. ஐந்நூறு முட்டை பொரித்தால் ஐந்நூறு ஊனுண்ணிகளுக்கு உணவு. அத்தனையையும் கடந்து விற்றால், வாங்குபவர் வீட்டில் வைகாசி வெயில் காத்திருக்கிறது. சட்டமும் ஒன்று உண்டு. ஆக்சலாட்டல் 1975 முதல் பன்னாட்டு விலங்கு வணிக ஒப்பந்தமான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. நம் நாட்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் செய்த திருத்தப்படி, அத்தகைய விலங்கை உயிரோடு வைத்திருப்பவரும் பெருக்குபவரும் அரசிடம் முறையாகப் பதிவு செய்ய வேண்டும்.

இவற்றையெல்லாம் விடுதி மாடியில் உட்கார்ந்து அவனுக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்படியென்றால் எதையுமே வளர்க்கக் கூடாதா? நீ மட்டும் வாளியில் வளர்த்தாயே?” என்றான். நியாயமான கேள்வி. என்னால் உடனே விடை கூற முடியவில்லை.

கடந்த ஐப்பசியில் மழை வந்தது. இருவருமாக அதே குளக்கரைக்குப் போனோம். முட்டைச் சரத்தில் ஒரு சாண் அளவு மட்டும் எடுத்தோம். குளத்து நீரையே நான்கு குடங்களில் கொண்டுவந்து நிழலில் வைத்தோம். நீரை ஒரே நாளில் கொட்டி மாற்றவில்லை. நாள்தோறும் கால்பங்கு எடுத்துக் கால்பங்கு ஊற்றினோம். மிஞ்சிய கீரையை அன்றன்றே எடுத்தோம். பின்னங்கால் முளைத்தது, பிறகு முன்னங்கால். வாளியில் சாய்வாக ஓர் ஓட்டைப் பதித்தோம். ஒருநாள் காலை, வால் முழுதும் சுருங்காத தேரைக்குஞ்சு ஒன்று, அரை விரல்நகம் அளவில், அந்த ஓட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. முதலில் கண்டவன் என் தோழன்தான். அவன் போட்ட கூச்சலில் பக்கத்து அறைக்காரர்கள் எழுந்து வந்துவிட்டார்கள்.

எண்ணிப் பார்த்தோம். அறுபத்து மூன்று பிழைத்திருந்தன. எடுத்த இடத்திலேயே, அதே குளக்கரைப் புல்லில் அவற்றை விட்டோம். வேறு குளத்தில் விடக் கூடாது என்பதை நான் சொல்லாமலே அவன் சொன்னான். அங்கே இரண்டு சிமெண்டு மூட்டைக் குப்பை நீரோரம் கிடந்தது. அதை அள்ளி வெளியே போட்டுவிட்டுத் திரும்பினோம்.

விலை போடப்பட்ட அந்த வெள்ளை ஆக்சலாட்டலின் படம் இன்னும் அவன் கைப்பேசியில் இருக்கிறது. வாங்கும் பேச்சை மட்டும் அவன் எடுப்பதில்லை. அடுத்த மழைக்குக் குளத்து நீர் எடுக்க இரண்டு குடம் கூடுதலாக வேண்டும் என்கிறான்.